போயே ஆகணுமா?

இந்த பெஞ்சுல உக்காந்துக்கிடட்டா எம்மா? உன் பையக் கொஞ்சம் அந்தால நகட்டு. ஃபேனுக்குக் கீழ பூரா கப்பல்காரப் பயலுவளா இருக்கானுவ. ஒருத்தனாவது நிமிந்து பாக்கணுமே, அம்புட்டுப் பேரும் செல்லுக்குள்ள கெடக்கானுவ. நீயும் மஞ்சக்காய்ச்சல் ஊசிக்குத்தானா? எந்த ஊருக்கு? நைஜீரியாவா. வீட்டுக்காரரு அங்க இருக்காரா. சரி. அப்ப உனக்கு யோசன ஒண்ணும் இல்ல. வயசும் இருக்கு. கூப்பிடுதாரு, போற.

என்னய டாக்டரு வெளிய உக்காரச் சொல்லிட்டாரு. யோசிச்சிட்டு வாங்கம்மான்னுட்டாரு. நல்ல மனுசன், கொற சொல்லக் கூடாது. "அறுபது தாண்டியாச்சா?"ன்னாரு. "அது ஆச்சு ரெண்டு வருசம்"னேன். "இந்த ஊசி உசிரோட உள்ள கிருமிய வச்சுச் செய்யிறது. அறுபதுக்கு மேல உள்ளவங்களுக்கு எப்பவாவது ஒண்ணு ரெண்டு பேருக்குக் கோளாறு பண்ணும். ரொம்ப அபூர்வம்தான். ஆனா நான் சொல்லணும்லா"ன்னாரு. "இந்தக் கிருமிய முட்டையில வளக்காங்க. உங்களுக்கு முட்டை ஒத்துக்குமா?"ன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இருநூறு பிள்ளையளுக்கு வாரம் தவறாம முட்ட அவிச்சவ நான். ஒத்துக்காம எங்க போவும்?

அதுக்குப் பொறவு ஒண்ணு கேட்டாரு பாரு. "போயே ஆகணுமாம்மா?"

போயே ஆகணுமா. பேரு கேட்டாரு, சொன்னேன். சுகரு உண்டான்னாரு, இல்லன்னேன். இதுக்கு என்னத்தச் சொல்ல? இந்த வயசு வரைக்கும் என்கிட்ட யாரும் அப்பிடிக் கேட்டதில்ல எம்மா. போன்னா போவேன், இருன்னா இருப்பேன். அப்பிடித்தான் போயிட்டு காலம்.

எங்கயா? பராகுவே. நீ கேள்விப்பட்டிருக்கமாட்ட, யாரும் கேள்விப்பட்டதில்ல. எங்க தெருவுல ஒரு வாத்தியாரு இருக்காரு, அவரே "ஆப்பிரிக்காவுலயா?"ன்னாரு. ஆப்பிரிக்கா இல்ல. அமெரிக்கா இருக்குல்லா, அதுக்குக் கீழ, தெக்க, ரொம்ப தெக்க. கடலே கெடயாதாம் அந்த நாட்டுக்கு. சுத்தி மத்த நாடுவ. நடுவுல ஒரு ஆறு. கடல் இல்லாத ஊர்ல மனுசன் எப்பிடி இருப்பான்? நம்மல்லாம் காத்துல உப்பு இல்லாட்டி மூச்சு முட்டிச் செத்துருவோம்.

என் தம்பி அங்க வேதக்கோவில் சாமியாரா இருக்கான். சந்தியாகுன்னு பேரு. பதினெட்டு வருசமா அங்கதான். சபையில அனுப்பிட்டாங்க. எனக்கு அவன், அவனுக்கு நான், வேற ஆள் கெடயாது. அப்பா முன்னமே போயிட்டாரு. அம்மா போவும்போது அவன் குருமடத்துல படிச்சிக்கிட்டு இருந்தான். எனக்குக் கல்யாணம் அமையல. அத விடு. கன்னியர் மடத்து ஹாஸ்டல்ல சமையலுக்கு நின்னேன், முப்பது வருசத்துக்கு மேல. சமையக்கட்டு பூரா என் கையிலதான். காலைல அடுப்பப் பத்த வச்சா ராத்திரி அமத்துறது வரைக்கும் ஏதாவது ஒரு பிள்ள வாசப்படியில நின்னு "எமரன்சி அக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். எமரன்சியாங்கது என் முழுப் பேரு. பிள்ளைய வாயில எமரன்சி ஆயிட்டு.

இப்ப ஓய்வு. சொகமாத்தான் இருக்கேன். ஒரு வேலையும் இல்லன்னு நெனைக்காத, வேல கெடக்கு. கோவிலப் பெருக்கப் போவேன். செடிக்குத் தண்ணி ஊத்துவேன். டிவி காலைல போட்டா படுக்கது வரைக்கும் ஓடும். பாக்கதுக்கு இல்ல, சும்மா ஓடட்டும்னு. ஒரே ஒரு தொந்தரவு என்னன்னா, ஒரு ஆளுக்குப் பொங்க எனக்கு வரல. கை அளவு அப்பிடி ஆயிட்டு. அரப்படி போட்டாலும் மிஞ்சுது, கைப்பிடி அரிசி போட்டா அது கஞ்சியும் இல்ல, சோறும் இல்ல. கொழம்பு வச்சா மூணு நாளைக்கு வருது. பக்கத்து வீட்டுக் கோழியளுக்கு நல்ல சாப்பாடு. என்னயக் கண்டா ஓடி வருதுவ. அந்த வீட்டுக்காரி கூட அப்பிடி வரமாட்டா.

சரி, தம்பியப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவனுக்கு அங்க உடம்பு சரியில்ல எம்மா. வெளிய சொல்ல மாட்டான். போட்டோவுல பாத்தேன், மொகம் உப்பி, கழுத்து தெரியல. "நீர் கோத்துருக்குல, டாக்டரப் பாரு"ன்னேன். "குண்டாயிட்டேன்க்கா, நல்லாச் சாப்பிடுதேன்"னு சிரிக்கான். அதெப்பிடி நல்லாச் சாப்பிடுவான்? மூணு வேளயும் மரவள்ளிக்கெழங்குதான் அங்க. நம்ம சோத்த வைக்கது மாதிரி கெழங்க அவிச்சு நடுவுல வைக்காங்களாம். சின்னதுல கெழங்கு தின்னா அவனுக்கு வயித்த வலிக்கும். எனக்குத் தெரியாதா?

இன்னொண்ணு கேளு. அங்க ஒரு பச்சிலைத் தண்ணி குடிக்காங்க. ஒரு கொம்புக் குவளையில இலையப் போட்டு, பச்சத் தண்ணிய ஊத்தி, ஒரு வெள்ளிக் கொழல வச்சு உறிஞ்சணும். ஒருத்தன் உறிஞ்சிட்டு அடுத்தவனுக்குக் குடுப்பான். அவன் அதே கொழல வாயில வைப்பான். அப்பிடியே வட்டமாச் சுத்தி வருமாம். எச்சி! நான் கேட்டேன், "ஏல, நீயுமா?" "ஆமாக்கா. வேண்டாம்னா அவங்க மனசு சங்கடப்படும்." "ஒன் அக்கா டம்ளர்ல வாய் வச்சுக் குடிக்கமாட்டியே நீ, அண்ணாந்துதான குடிப்ப"ன்னேன். அதுக்கும் சிரிப்புத்தான். எதுக்கெடுத்தாலும் இப்ப சிரிக்கான். முன்ன அப்பிடிச் சிரிக்க மாட்டான். மனசுல கஷ்டம் உள்ளவங்கதான் அப்பிடிச் சிரிப்பாங்க.

லீவா? மூணு வருசத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் வருவான். போன தடவ வந்ததச் சொன்னாத்தான் உனக்கு விளங்கும்.

ஒரு மாசத்துக்கு முன்னயே வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். முந்திரிக்கொத்து பலகாரம் போட்டேன், ஒரு டின்னு. கருவாடு தரமாப் பாத்து வாங்கிக் காய வச்சேன். வந்தான். மொதல் வாரம் சொந்தக்காரங்க, பங்குச் சாமியாரு, பூச, விருந்துன்னு போயிட்டு. ரெண்டாவது வாரம்தான் வீட்டுல இருந்தான். மத்தியானம், எதுக்க எதுக்க உக்காந்து சாப்பிடுதோம். எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? அளவாப் பொங்கிருந்தேன் அன்னைக்கு. சட்டியில மிச்சமே இல்ல.

போன் வந்துட்டு. எந்திரிச்சு வாசப்பக்கம் போயி பேசுதான். அந்த ஊரு பாஷ. ஸ்பானிஷ் இல்ல, அது வேறயாம், அந்த மண்ணு மக்க பேசுதது, குவாரனின்னு சொல்லுவான். மூக்காலயும் தொண்டையாலயும் பேசுதான். என் தம்பி வாயிலருந்து எனக்கு ஒரு சொல்லு புரியல. முதுகப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த முதுகு கூட வேற யாரோ மாதிரி இருந்துச்சு.

திரும்பி வந்தான். சோத்துல கை வைக்கல.

"ஆத்துல வெள்ளம்க்கா. கரையோரத்து வீடெல்லாம் முங்கிட்டு. சனம் பூரா கோவிலுக்குள்ள வந்து கெடக்கு."

"அங்க வேற சாமியாரே கெடயாதா?"

"இருக்காரு. வயசானவரு."

"நீ போயி வெள்ளத்தக் கையால நிப்பாட்டப் போறியா?"

"அது இல்லக்கா. ஞா எவுசேபியா ஒத்தையில அம்புட்டுப் பேருக்கும் பொங்கிக்கிட்டு இருப்பா. அவளுக்கு முட்டி வேற வலி."

"யாருல அது, ஞா?"

"கோவில் சமையக்கட்டப் பாத்துக்கிடுதவ. பேரு எவுசேபியா. ஞா-ன்னா அவங்க பாஷையில, நம்ம அக்கான்னு மரியாதையாச் சொல்லுதோம்லா, அது மாதிரி."

நான் அப்ப அவன் சோத்துல நெய் ஊத்திக்கிட்டு நின்னேன் எம்மா.

அக்கா மாதிரி. எனக்குன்னு உள்ள பேரத் தூக்கி இன்னொருத்திக்குக் குடுத்துட்டு வந்துருக்கான். அதையும் நல்ல சமாச்சாரம் மாதிரி எங்கிட்டயே சொல்லுதான். நானும் ஒத்தையிலதான பொங்குதேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. ஊருக்கே பொங்குதவளுக்கு முன்னால, ஒரு ஆளுக்குப் பொங்குறதக் கஷ்டம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?

ரெண்டு நாள்ல கெளம்பிட்டான். ரெண்டு மாசம் லீவு, ரெண்டு வாரத்துல போயிட்டான். ஸ்டேசனுக்கு நான் போவல. தலவலின்னு படுத்துக்கிட்டேன். கட்டிலுப் பக்கத்துல வந்து நின்னு, "அக்கா, கோவமா?"ன்னான். "சாமியாரு மேல கோவப்பட்டா பாவம்லா"ன்னேன். நெத்தியில சிலுவ போட்டுட்டுப் போயிட்டான். முந்திரிக்கொத்து அப்பிடியே இருந்துச்சு.

பொறவு அவன் அடிச்சா நான் போனை எடுக்கல. தவசு காலம் வந்துச்சு, அதுலயும் எடுக்கல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாயங்காலம் அடிப்பான். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். நின்னுரும். நின்ன உடனே இன்னொருக்க அடிக்க மாட்டானான்னு இருக்கும். அது எதுக்குன்னா, மறுபடியும் எடுக்காம இருக்கணும்லா. அவனுக்குப் புரியணும்லா. அவன் ஒருக்கதான் அடிப்பான். அந்த நாளுவள்ல சில சமயம் பொழுது அடையும்போது நெனச்சுப் பாப்பேன், காலைலருந்து நான் வாயத் தொறக்கவே இல்லியேன்னு. இருமிப் பாப்பேன், சத்தம் வருதான்னு.

பாஸ்கா அன்னைக்கு, அதான் ஈஸ்டருக்கு, எடுத்தேன். பண்டிகைநாள்ல கோவம் ஆகாது.

அப்ப சொல்லுதான், "அக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது." ஓய்வு வயசு வந்தா எல்லாச் சாமியாரும் ஊருக்குத் திரும்பிருவாங்க எம்மா. அப்ப வந்து என் வீட்டுப் பக்கத்துல இருப்பான், நேரத்துக்கு ஒரு கஞ்சி காய்ச்சிக் குடுக்கலாம்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். இவன் சபைக்கு எழுதிக் குடுத்துட்டானாம். கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கேன்னு. "மண்ணும் அங்கதானா?"ன்னு கேட்டேன். "ஆமாக்கா. செம்மண்ணுதான் இங்கயும். நம்ம தேரிக்காடு மாதிரியே இருக்கும்"னான். ஆறுதல் சொல்லுதானாம்.

இப்ப அடுத்த லீவுக்கு முறை வந்துட்டு. போன மாசம் கூப்பிட்டான். "இந்த வருசம் என் லீவுக்கு நான் வரல. நீ வா."

"எங்க வர?"

"இங்க. நான் எல்லாம் ஏற்பாடு பண்ணுதேன். மூணு பிளைட்டு மாறணும். ஒரு சிஸ்டர் பம்பாய்லருந்து வாராங்க, அவங்க கூடவே வந்துரலாம்."

"நான் வேளாங்கண்ணியத் தாண்டினதில்லயே."

"அதனாலதான் கூப்பிடுதேன்."

"வந்து என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இரு. ஆறு மாசம் சும்மா வந்து எங்க கூட இரு."

சும்மா இரு! சும்மா இருக்கது எனக்கு இங்கேயே இருக்கே. அதுக்கு மூணு பிளைட்டு மாறணுமா? வேணும்னா, "அக்கா, ஒன் சமையல் இல்லாம முடியல, வா"ன்னு சொல்லட்டும். ஓடிப் போவேன். அப்பிடி ஒரு வார்த்த வரல அவன் வாயில.

ஆனா நான் ஏன் இந்த ஊசி போடுத இடம் வரைக்கும் வந்தேன்னா, அவனக் கூட்டிட்டு வரத்தான். ஆமா. போயி நேர்ல உக்காந்து, நாலு நல்ல வார்த்த சொல்லி, அந்த ஊரு சகவாசம் போதும்னு கூட்டிட்டு வந்துரணும். போன்ல சொன்னா சிரிச்சுத் தட்டிக் கழிச்சிருவான். நேர்ல கண்ணப் பாத்துச் சொன்னா கேப்பான். என்ன சொல்லுத நீ? கேக்க மாட்டானா? உனக்கு எப்பிடித் தெரியும், நீ அவனப் பாத்ததே இல்லியே?

அந்தப் பொம்பளயா? எவுசேபியாவா? பாத்துட்டேன். போன்லதான். அதையும் சொல்லுதேன், நர்சு இன்னும் கூப்பிடலல்லா.

ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு முன்னால. "வரல"ன்னு சொல்லிருவோம்னுதான் நானே அடிச்சேன், வீடியோவுல. நமக்குச் சாயங்காலம்னா அங்க காலைல. எடுத்தது இவன் இல்ல. ஒரு பொம்பள. நரச்ச முடி, ஒத்தச் சடை, நல்ல தாட்டியா இருக்கா. என்னமோ சொல்லுதா. அவன் கோவில்ல இருக்கான்னு நெனைக்கேன், கைய வச்சுத் தலையில தண்ணி ஊத்துத மாதிரி காட்டுனா. ஞானஸ்நானம் போல. போனை வச்சிருவோம்னு பாத்தா, அவ போனக் கையில வச்சுக்கிட்டே உள்ள நடக்கா. முட்டியில துணி சுத்திருக்கா, ஒரு காலச் சாச்சுச் சாச்சு நடக்கா. கதவத் தொறந்து ஒரு ரூமக் காட்டுதா. கட்டிலு, கொசுவல, ஜன்னலுக்குப் புதுத் துணி. என்னயக் காட்டுதா, கட்டிலக் காட்டுதா. புரிஞ்சுது. புரியாத மாதிரி இருந்துக்கிட்டேன்.

அப்ப ஒரு சத்தம் வந்துச்சு எம்மா. பொங்கி வழியுத சத்தம். அது எந்த நாட்டுல கேட்டாலும் எனக்குத் தெரியும். அவ போனோட ஓடுதா. சமையக்கட்டு. பெரிய பானை, வெறகடுப்பு, சோறு நொரை தள்ளி அடுப்புல ஊத்திக்கிட்டு இருக்கு. இவ மூடியத் தேடுதா! "மூடிய வைக்காத! தீயக் குற! கொள்ளியப் புடிச்சு வெளிய இழு!"ன்னு கத்துனேன். என் வீட்டுல இருந்து கத்துனது தெருவுக்கே கேட்டுருக்கும். அவ திகச்சுப் போயி என்னயப் பாத்தா. நான் கையால இழுத்துக் காட்டுனேன். டக்குன்னு குனிஞ்சு ரெண்டு கொள்ளிய இழுத்துப் போட்டா. நொரை எறங்கிட்டு.

ரெண்டு பேரும் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னோம். அவ சிரிச்சா. நான் சிரிக்கல. கொஞ்சம் சிரிச்சேன்.

பொறவு போனை ஜன்னல்ல சாத்தி வச்சுட்டு அவ வேலையப் பாத்தா. நான் அமத்திருக்கலாம். அமத்தல. அவ கெழங்கு தோலு உரிக்கா. எனக்குக் கை சும்மா இருக்கல, ஒரு முறத்துல வெங்காயத்த எடுத்து வச்சு நானும் உரிச்சேன். எனக்கு எதுக்கு அம்புட்டு வெங்காயம்? உரிச்சேன். அவ உப்ப அள்ளிக் காட்டுனா, போதுமான்னு. "இன்னுங்கொஞ்சம்"னேன். போட்டா. ஒருத்தி பேசுதது ஒருத்திக்குப் புரியல. அவ பாட்டுக்கு அவ பாஷையில பேசுதா. முட்டியத் தடவித் தடவி என்னமோ சொன்னா. நான், "நல்லெண்ணெயும் கற்பூரமும் காய்ச்சித் தேய்ச்சாக் கேக்கும்"னு சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டா. நானும் ஹாஸ்டல்ல ஒருக்க பாயசத்துல உப்பக் கொட்டுன கதையச் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல.

பிள்ளைய தட்டத் தூக்கிக்கிட்டு வந்துட்டுவ. வந்து போனுக்குள்ள எட்டிப் பாக்குதுவ. அவ என்னயக் காட்டி, "ஞா எமரன்சியா"ன்னா. பிள்ளைய எல்லாம் சேந்து, "ஞா எமரன்சியா!"ன்னு கத்துதுவ. அவ தெரிஞ்சு சொன்னாளா, அந்த ஊரு வழக்கப்படி சொன்னாளா, எனக்கு எப்பிடித் தெரியும்?

பூச முடிஞ்சு இவன் வந்து நின்னான். "அக்கா, நீயா? இம்புட்டு நேரமா லைன்லயா இருந்த?"

"அவ உப்புக் கம்மியாப் போடுதா"ன்னேன்.

வரலன்னு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்குச்சு, வேற ஒண்ணும் இல்ல. உரிச்ச வெங்காயத்த எல்லாம் வதக்கித் தொக்கு பண்ணி வச்சிருக்கேன்.

என்னவாம், நர்சு என்ன சொல்லுதாங்க? எனக்குச் சரியாக் கேக்கல. ஒரு ஆள் கொறயுதா? குப்பிய ஒடச்சா அம்புட்டுப் பேருக்கும் உடனே போடணுமா? மிச்சம் வைக்க முடியாதா? அப்ப இன்னைக்கு இல்லயா? ஓ, நான் சரின்னா ஆள் கணக்குச் சரியாயிருமா.

பாத்தியா, எல்லாவனும் இப்ப நிமிந்து என்னயப் பாக்கானுவ. காலைலருந்து பாக்காதவனுவ. நீயும் பாக்க. உனக்கு அடுத்த வாரம்னா சிக்கலா? ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் போகணுமா? அப்ப இன்னைக்கு விட்டா உன் டிக்கெட்டு போச்சா. அடக் கர்த்தரே. வீட்டுக்காரரு அங்க விமான நெலயத்துல வந்து நிப்பாருல்லா.

சரி. போடட்டும். உங்களுக்காவத்தான் எம்மா. நான் ஒருத்தி வேண்டாம்னு எந்திரிச்சுப் போயி, இம்புட்டுப் பேரு வெறுங்கையோட போவணுமா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். என் பையப் பாத்துக்க. டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வாரேன்.

நகரு எம்மா, உக்காந்துக்கிடுதேன். போட்டாச்சு. உனக்கும் போட்டாச்சா? வலிக்கல, எறும்பு கடிச்ச மாதிரிதான். அர மணி நேரம் இங்கயே இருக்கணுமாம். இருப்போம், எனக்கு என்ன அவசரம்.

அந்த டாக்டரு லேசுப்பட்டவரு இல்ல. உள்ள போனேனா. "யோசிச்சீங்களா?"ன்னாரு. "வெளிய அத்தன பேரு நிக்காங்க சார், போடுங்க"ன்னேன். பேனாவக் கீழ வச்சுட்டாரு. "அவங்களுக்காவ நீங்க போட வேண்டாம்மா. நீங்க இல்லாட்டியும் நான் குப்பிய ஒடச்சுப் போட்டு அனுப்பிருவேன், ஒரு டோசு வீணாப் போனாப் போட்டும். நான் உங்களத்தான் கேக்கேன். உங்களுக்குப் போகணுமா?"

இப்பிடி மடக்குனா மனுசி என்ன செய்வா? எழும்பி வெளிய வந்துரலாம்னு பாத்தேன். நர்சு அந்தால திரும்பி நிக்காங்க. ஃபேன் ஓடுது. "போகணும் சார்"னு சொன்னேன். என் சத்தம் மாதிரியே இல்ல, வேற யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவ சொல்லிட்டேன் போல, "கேட்டுச்சும்மா"ன்னாரு. சட்டக் கையத் தூக்கிக் காட்டுனேன்.

அது ஒண்ணும் இல்ல. டாக்டரு கேட்டா ஏதாவது சொல்லணும்லா. ஊசி போட்டா போகணும்னு சட்டமா இருக்கு? தம்பிகிட்ட இன்னும் ஒரு வார்த்த சொல்லல. ஆற அமர யோசிச்சுத்தான் முடிவு பண்ணணும். அந்தப் பானை இருக்கு பாரு, அதுக்கு அடி பத்தாது, அதான் பொங்குது. நான் போனதும் மொதல்ல அத மாத்தச் சொல்லணும். முட்டிக்கு ஒரு தைலம் கொண்டுட்டுப் போகணும், பிளைட்டுல விடுவானுவளான்னு தெரியல. பிள்ளையளுக்கு வெறும் கெழங்கக் குடுத்தா எப்பிடி, ஒரு பருப்பு...

என்ன சிரிக்க? "போனதும்"னா சொன்னேன்? "போனா"ன்னுதான் சொன்னேன். உனக்குச் சரியாக் கேக்கல. 

அந்தா நர்சு வாராங்க. உன்கிட்ட என்ன கேக்காங்க? ராத்திரி காய்ச்சல் வந்தா பயப்படக் கூடாதாமா? கூட அம்மா இருக்காங்களா உனக்கு, நல்லது. என்னயத்தான் இப்ப கேக்காங்க.

"காய்ச்சல் வந்தாலும் வரும்மா. வயசானவங்க, ரெண்டு நாளு கூட யாராவது இருக்கணும். வீட்டுல பாத்துக்க யாரு இருக்கா?"

"தம்பி இருக்கான்."

எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நீ ஏன் எம்மா அப்பிடிப் பாக்க? பொய்யாச் சொன்னேன்? இருக்கான்லா.